மூன்று கோல், ஒரு வெட்டு

என்னிடம் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. எடுத்து மூன்று வருடமாகிறது. உள்ளே ஒரு முத்திரை கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான் என்பதால், விமானத்துக்குள் போகும் முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன் என்று செய்யாற்றுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கையை நான் மதுரைக்குப் பேருந்தில் போய் நிறைவேற்றினேன். வடக்கே பிறந்து வளர்ந்தவனுக்கு மதுரை வெளிநாடுதான். பேச்சு வேறு, காலைச் சாப்பாடு வேறு, வெயில்கூட வேறு கம்பெனி. விசா மட்டும்தான் கேட்கவில்லை. மூன்று நாள் இருந்தேன். அதற்குள் ஒரு கிராமத்தின் திருவிழாவை ஏறக்குறைய நிறுத்தி, ஒரு தச்சரின் நல்ல பெயருக்கும் உலை வைக்கப் பார்த்தேன். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பழைய தச்சுக் கருவிகளைச் சேகரிப்பவன். துருப்பிடித்த உளி, பிடி உடைந்த இழைப்புளி, பல் போன ரம்பம் என்று யாருக்கும் வேண்டாதவற்றைத் தேடி வாங்கி, துருவெடுத்து, எண்ணெய் பூசி, பிடி மாற்றி, படம் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். டெக்சாஸிலிருந்து ஒருவர் இதயம் அனுப்புவார். சிங்கப்பூரிலிருந்து இருவர் கைகூப்புவார்கள். என் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள். அவள் இந்தக் கலையை ஒரே வரியில் விமர்சித்தாள்: "நாங்கதான் கை தேய வேலை செஞ்சோம். நீ படிச்சிட்டு வந்து துரு தேய்க்கிறியே, இதுக்கு எதுக்குடா காலேஜு?"

பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளன் நான். பங்குனி மாதத்தில் மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மதுரையில் ஞானராஜ் என்று ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட கிளார்க். அவருடைய அப்பா மிஷன் பள்ளியில் தச்சு வகுப்பு எடுத்தவர். அவர் விட்டுப்போன பெட்டி நிறையக் கருவிகள் இருப்பதாகப் படம் வந்திருந்தது. பெட்டியின் மூலையில் ஒரு தேக்கு இழைப்புளி. அதைப் பார்த்த நாளிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. ஆனால் சாப்பிட்டேன்.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மதுரை தன் வெளியுறவுக் கொள்கையைக் காட்டிவிட்டது. இரண்டு இட்லி கேட்டேன். நான்கு சட்னியோடு வந்தது. எங்கள் ஊரில் இரண்டாவது சட்னி கேட்டால் கடைக்காரர் நம் குலம் கோத்திரத்தை விசாரிப்பார். நான் கண்கலங்கிக்கொண்டிருக்கும்போதே பரிமாறுகிறவர் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, "அண்ணே, தலக்கறி ரெடியாயிருச்சு. வைக்கவா?" என்றார். மணி ஆறே முக்கால். "காலங்காத்தாலயா?" என்றேன். "அப்பறம் மத்தியானம் வந்தா தீந்துருமுல்ல?" என்றார். படித்தவன் தர்க்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும். வைக்கச் சொன்னேன்.

அரசரடிப் பக்கம் அந்தத் தெருவில் ஆட்டோ நின்றது. "ஞானராஜ் சார் வீடு எது?" என்று கேட்டால் எதிர்க்கேள்வி வந்தது: "எந்த ஞானராஜ் சாரு?" ஒரே தெருவில் மூன்று ஞானராஜ் சார்கள். மூன்று பேரும் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். மூன்று வீட்டு வாசலிலும் ஒரே மாதிரிக் குரோட்டன்ஸ் செடி. முதல் ஞானராஜ் காபி கொடுத்துவிட்டு, தான் அவரில்லை என்றார். இரண்டாமவர் காபியோடு முறுக்கும் கொடுத்து, பேரப்பிள்ளையின் அமெரிக்கப் படங்களையும் காட்டிவிட்டு அதையே சொன்னார். மூன்றாவது வீட்டில், "நீங்கதான் அவரா?" என்று வாசலிலேயே கேட்டேன். வயிற்றில் இடமில்லை.

அவரேதான். பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் வெல்வெட் துணி, ஒவ்வொன்றிலும் சீட்டு, சீட்டில் அவர் கையெழுத்து. அந்த இழைப்புளியைத் தொடப்போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு மணி நேரம் விசாரணை. என்ன படிப்பு, என்ன சம்பளம், குடும்பத்தில் யார் யார், ஈரமான இடத்தில் வைப்பேனா, தூசி தட்டுவேனா. பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"தம்பி, நல்ல பிள்ளையா இருக்கீங்க. ஆனா குடுக்க மனசு வரல."

"அப்ப எதுக்கு சார் வரச் சொன்னீங்க?"

"பாக்கத்தான வரச் சொன்னேன். பாத்துட்டீங்கல்ல?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, ஓய்வுபெற்ற டீச்சர், "உளியத்தான் தர மாட்டாரு. சோறு எம்புட்டு வேணாலும் சாப்பிடலாம், உக்காருங்க" என்றார். மீன் குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன். குழம்பு பிரமாதம் என்பதைப் பதிவு செய்வது என் கடமை.

வெளியே காத்திருந்த ஆட்டோக்காரருக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. "விடுங்கண்ணே. பழைய இரும்புதான? நான் காட்டுறேன் வாங்க" என்று காதர் பாய் கடைக்குக் கொண்டுபோய் இறக்கினார். சைக்கிள் எலும்புக்கூடுகளும் மின்விசிறிப் பிணங்களும் குவிந்த பழைய இரும்புக் கடை. காதர் பாய் ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். ஏழு உளி, இரண்டு அரம், மரம் செதுக்கும் வாச்சி ஒன்று, தலை கழன்ற சுத்தியல். கூடவே நாலடி நீளத்தில் ஒரு சதுரக் கோல். கருத்து, எண்ணெய் ஏறி, விளிம்பெல்லாம் சிராய்ப்பும் கீறலுமாக.

"இரும்புக்குத்தான் எடை. கட்டை சும்மா, வச்சுக்கங்க" என்றார் பாய். "நேத்துத்தான் வந்துச்சு. திருவாதவூருக்கு அங்கிட்டு ஒரு ஊரு, ஆசாரி வீடு. அந்த வீட்டுப் பொம்பள சாமி கும்பிடுக்கு வீடு ஒதுக்குனேன்னு போட்டுட்டுப் போச்சு. இன்னும் ரெண்டு சாக்கு கெடக்காம்."

இன்னும் இரண்டு சாக்கு! சேகரிப்பவனின் காதில் விழக்கூடிய மிக இனிய வாக்கியம் அது. மறுநாள் அந்த ஊருக்குப் போவதென்று அங்கேயே முடிவாயிற்று.

அன்று மாலை விடுதிக் குளியலறையை நான் பட்டறையாக்கினேன். வாளியில் வினிகர் ஊற்றி உளிகளை ஊறப் போட்டேன். அரை மணி நேரத்தில் மேலாளர் கதவைத் தட்டி, "சார், ஊறுகா கம்பெனியா நடத்துறீங்க? எதுத்த ரூம்ல கேக்குறாங்க" என்றார். துருதான் எடுக்கிறேன் என்று காட்டினேன். அவர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்காது என்ற நிம்மதியோடு போனார்.

உளிகள் ஊறும் நேரத்தில் கை சும்மா இருக்குமா? அந்தக் கோலை எடுத்தேன். விளிம்புகளில் நான்கைந்து இடத்தில் பொளிந்திருந்தது. எலி கடித்திருக்கும், அல்லது யாரோ பொறுப்பில்லாமல் கொத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் நைசு. நான்கு விளிம்பையும் கைக்கு இதமாக உருட்டி எடுத்தேன். ஒரு கீறல் பாக்கியில்லை. எண்ணெய் தடவியதும் உள்ளிருந்த ரேகைகள் எழுந்து வந்தன. நல்ல வேங்கை மரம். தேய்ப்பதற்கு முன் ஒரு படமும் தேய்த்த பின் ஒரு படமும் குழுவில் போட்டேன். டெக்சாஸ்காரர் "உயிர் கொடுத்துவிட்டீர்கள்" என்று எழுதினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டாம் நாள் காலையில், ஆசாரியிடம் காட்டலாமென்று கோலைத் துணியில் சுற்றி உளிகளோடு பையில் செருகிக்கொண்டு கிளம்பி, தப்பான பேருந்தில் ஏறினேன். யாரிடமும் கேட்காமல், பலகையையும் படிக்காமல், படித்தவன் என்ற ஒரே தகுதியில் ஏறினேன். கடைசி நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, சன்னலோரம் கிடைத்த சுகத்தில் தூங்கியும் போனேன். கண் விழித்தால் எதிரே மலை. அழகர்கோவில். திருவாதவூர் என்று காதர் பாய் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை நடத்துநரிடம் நீட்டினேன், அவர் நிதானமாகப் படித்தார்.

"இது அந்தப் பக்கம் போகாதுண்ணே."

"ஏறும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டா சொல்லியிருப்பேன். சரி விடுங்க, அழகர் கூப்புட்டாருன்னு வச்சுக்கங்க."

அழகர் கூப்பிட்டவரைச் சும்மா அனுப்பவில்லை. கோயில் தோசை கிடைத்தது. முறுகி, கருத்து, நெய் மணக்க, ஒரு தோசையே ஒரு வேளைக்குப் போதும். இது ஒன்றில் எங்கள் ஊர்த் தோசை நான்கு செய்யலாம். பாதி தின்பதற்குள் ஒரு குரங்கு வந்து மீதியைப் பெற்றுக்கொண்டது. விரட்டுவதற்குப் பையில் செருகியிருந்த கோலை உருவி ஓங்கினேன். பக்கத்திலிருந்த பக்தர் ஒருவர், "அடிக்காதீங்க தம்பி, அதுவும் தோசைக்குத்தான் வந்திருக்கு" என்றார். நியாயம். மேலூர் வழியாக இன்னொரு பேருந்து, அதற்கப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, கடைசியாகப் பால்கேன் கட்டிய ஒரு பைக்கின் பின்னால் என்று அந்த ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. வழி கேட்ட இடத்திலெல்லாம் "அங்கிட்டுப் போயி இங்கிட்டுத் திரும்புங்க" என்றார்கள். மொழிபெயர்த்தால்: இடம் தெரியாது, ஆனால் உதவி செய்ய ஆசை.

ஊரின் பெயர் வேண்டாம். நான் செய்த காரியத்துக்கு அதன் பெயர் எதற்குக் கெட வேண்டும்?

தச்சுப் பட்டறை என்றதும் நான் மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். வாடிய முகம், அணைந்த தொழில், ஓரத்தில் அழுதுகொண்டிருக்கும் உளி. சண்முகவேல் ஆசாரி அந்தப் படத்துக்கு ஒத்துழைக்கவில்லை. நாற்பது வயது, சிவப்பு டீசர்ட், காதில் பென்சில். பட்டறையில் மூன்று மின்சார இயந்திரங்கள். மேலூரில் ஒரு புது வீட்டுக்கான சமையலறை அலமாரிகள் வரிசையாக நின்றன. அடுத்த மூன்று மாதத்துக்கு வேலை இருக்கிறதாம். என் துருப்பிடித்த அனுதாபத்தை வைக்க அங்கே இடமில்லை. ஆனால் மனிதர் நிலைகொள்ளாமல் இருந்தார். இயந்திரங்கள் அணைந்திருந்தன. மூலை முடுக்கெல்லாம் கலைந்து கிடந்தது.

"பழைய சாமான் ரெண்டு சாக்கு இருக்குன்னு காதர் பாய் சொன்னாரு" என்று ஆரம்பித்தேன்.

அவர் சடக்கென்று திரும்பினார். "காதர் பாயா? அவரு கடைல எங்க சாக்கை வாங்குனது நீங்களா? அவருக்குப் போன் அடிச்சு அடிச்சு வெரலு தேஞ்சிருச்சு, மனுசன் எடுக்கவே இல்ல. அதுல ஒரு கோலு இருந்துச்சா?"

இருந்ததாவது! இப்படி ஒரு ரசிகர் கிடைப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பையிலிருந்து மெல்ல உருவினேன். துணியை விலக்கினேன். கோல் வெயிலில் பளபளவென்று மின்னியது. "எப்படி இருந்தது தெரியுமாண்ணே? விளிம்பெல்லாம் பொளிஞ்சு போய்..." என்று விளக்கவும் தொடங்கினேன்.

அவர் வாங்கினார். நான்கு விளிம்பிலும் கட்டைவிரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். பிறகு அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"செல்வி," என்று உள்ளே கூப்பிட்டார். "கோலு வந்துருச்சு. வெட்டு வரல."

அவர் மனைவி செல்வி ஈரக்கையோடு வந்து பார்த்தார். "எந்த வெளங்காதவன் இதைத் தேச்சான்?" என்று கேட்டார். பட்டறையில் மூன்று பேர்தான் இருந்தோம்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் இரண்டு தெரு, வடக்குத் தெரு, தெற்குத் தெரு. இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த தெருக்கள். வருடம் முழுக்க மாமன் மச்சான் என்று கூடிக் குலாவுவார்கள். பங்குனியில் அம்மன் பொங்கல் வந்தால் மட்டும் தெருவுக்கொரு சப்பரம் கட்டுவார்கள், எந்தச் சப்பரம் உயரம் என்று வெட்டுக்குத்து வரை போவார்கள். ஒரு வருடம் திருவிழாவே நின்றுபோனதாம். அதற்கப்புறம் ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. இரண்டு சப்பரத்தின் நடுக்கம்பும் ஒரே உயரம். மூன்று கோல், மேலே ஒரு வெட்டு. அதாவது கோலால் மூன்று முறை அளந்து, அதற்கு மேல் கோலின் நுனியிலிருந்து விளிம்பில் போட்ட ஒரு வெட்டு வரைக்கும். கோல் இரண்டு தெருவிலும் சேராத ஆசாரி வீட்டில் இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள் வெளியே வரும்.

அந்த நாள் மறுநாள் காலை.

வெட்டு ஒரு சாண் உயரத்தில் இருந்தது என்பது தெற்குத் தெருவின் நெடுநாள் நினைவு. ஒரு சாணும் நாலு விரலும் என்பது வடக்குத் தெருவின் நெடுநாள் நினைவு. இந்த நாலு விரல் நினைவுகளுக்கு நடுவே நின்ற ஒரே சாட்சியை, எண்பதாம் நம்பர் உப்புத்தாளால், எலிக்கடி என்று நினைத்து நான் தேய்த்திருக்கிறேன்.

"வீட்டை ஒதுக்கும்போது ரம்பத்தோட சேந்து சாக்குல போயிருச்சு. தப்பு எம்மேலதான்" என்றார் செல்வி. "ஆனா போன சாமான் போன மாதிரி வந்தா, நான் பாட்டுக்கு எடுத்து உள்ள வச்சிருப்பேன். இம்புட்டு அழகாத் தேச்சுக் கொண்டாரச் சொல்லி யாரு அழுதா?"

"நம்மளே ஒரு வெட்டைப் போட்டுருவோமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் ஆசாரி, குரலைத் தாழ்த்தி.

"எங்க போடுவீக? ஒரு சாண்ல போட்டா வடக்குத் தெருக்காரவுக, 'ஆசாரி தெக்குத் தெருகிட்டக் கை நனைச்சுட்டான்'ம்பாக. நாலு வெரலு கூடப் போட்டா தெக்குத் தெருக்காரவுக அதையே சொல்லுவாக. உங்க அய்யா காலத்துலருந்து வராத பேரு, இப்ப வரணுமா?"

ஆசாரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு. நீங்க போயிருங்க. ஊரு என்னையத்தான் கேக்கும், நான் பாத்துக்கிறேன்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாலரை மணிப் பேருந்து என் மனதில் ஒரு தேர் போல அலங்காரத்தோடு நின்றது. நான் யாரென்றே இந்த ஊருக்குத் தெரியாது. போய்விட்டால் மதுரைப் பயணத்தில் மீன் குழம்பும் குரங்கும் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் கோல் காணாமல் போய், தேய்ந்து திரும்பி வந்த கதையை ஆசாரி தனியாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? கதையில் குற்றவாளியே நேரில் நின்றால்தான் ஓரளவாவது நம்புவார்கள். "நான் இருந்து சொல்லிட்டே போறேன்" என்றேன். சொல்லி முடித்ததுமே வருத்தப்பட்டேன்.

செல்வி அடுப்படிக்குப் போனார். கருவாட்டுக் குழம்பு வைத்தார். குழம்பில் காரம் வழக்கத்தைவிட அதிகம் என்று ஆசாரி சொன்னார். அது எனக்கானது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அம்மன் கோயில் மைதானத்தில் இரண்டு தெருவும் கூடிவிட்டது. இரண்டு பக்கமும் நெட்டையான சவுக்குக் கம்புகள் அறுபடத் தயாராகக் கிடந்தன. வடக்குத் தெருவுக்குப் பெரியசாமி, வெள்ளை மீசை. தெற்குத் தெருவுக்குச் சோணைமுத்து, மீசையில்லாத குறையைக் குரலில் தீர்த்துக்கொள்பவர். சோணைமுத்துவின் அக்காளைத்தான் பெரியசாமி கட்டியிருக்கிறார்.

"கோலை எடுங்க ஆசாரி" என்றார் பெரியசாமி.

கோல் வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ, "ஏ, என்னப்பா இது, கல்யாண மாப்ள மாதிரி வந்திருக்கு!" என்றார்கள். ஆசாரி வாயைத் திறப்பதற்குள் நான் முன்னே போய் நின்றேன். சாக்கில் போனது, பாய் கடை, வினிகர், உப்புத்தாள் என்று எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மிக மரியாதையான தமிழில் சொன்னேன். கல்லூரியில் சான்றிதழ் வாங்கும்போதுகூட என்னை இத்தனை பேர் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

"ஏன் தேச்ச?" என்றார் சோணைமுத்து.

"அழகா இருக்கட்டும்னு..."

"யாருக்கு?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. குழுவில் இருப்பவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

பிறகு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. தேய்ப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதே! செல்போனை நீட்டினேன். இரண்டு தெருவும் தலைகளை முட்டிக்கொண்டு பார்த்தது. உளிகளை நான் எப்போதும் ஓர் அடி ஸ்கேல் பக்கத்தில் வைத்து நேராகப் படம் பிடிப்பேன். இந்தக் கோலை மட்டும், வெறும் கட்டைதானே என்று, கலைநயத்தோடு விடுதிக் கட்டிலில் சாய்த்து, பின்னணியை மங்கலாக்கி எடுத்திருந்தேன். விளிம்பில் ஐந்து பொளிவு தெரிந்தது. அதில் எது வெட்டு, எது எலி என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

"இந்தா, இதான் வெட்டு" என்று பெரியசாமி ஒன்றைத் தொட்டார்.

"அது எலி மாமா. இந்தா, கீழ இருக்குல்ல, இதான்" என்று சோணைமுத்து இன்னொன்றைத் தொட்டார்.

"போட்டோவுல நல்லாத் தெரியுதுடா!"

"எங்க அக்காளப் பொண்ணு கேட்டு அனுப்புன போட்டோவுல உங்களுக்கும்தான் தலை நெறைய முடி தெரிஞ்சுச்சு. நம்பித்தான குடுத்தோம்?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் வடக்குப் பக்கம் எழவில்லை. குரல்கள் ஏறின. "ஆசாரி வேணும்னே குடுத்து அழிச்சுட்டாரு" என்று ஒரு குரல் வந்தது. "போன வருசம் பெரியசாமி வீட்டுக்குத் தேக்குக் கதவு போட்டாருல்ல, அப்பவே நெனச்சேன்" என்று எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைச் சந்தேகப்பட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். சண்முகவேல் ஆசாரி கோலைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். "ரெண்டு தெருவும் கூடித்தான் வச்சுக்கச் சொன்னீங்க. வேணாம்னா இப்பவே வாங்கிக்கங்க" என்றார். யாரும் வாங்கவில்லை. வாங்குகிறவர் தெருவுக்கு அது சொந்தமாகிவிடுமே.

"சரி, ஒரு சாண் அளந்து புது வெட்டுப் போடு" என்றார் சோணைமுத்து.

"யாரு சாணு? உஞ்சாணா? ஓங்கையி கோழிக்காலு மாதிரி" என்றார் பெரியசாமி.

"அப்ப உங்க கையி வாழையிலையாக்கும்! ஆசாரி கையால அளப்போம்."

"தேக்குக் கதவு போட்ட கையா?" என்று சோணைமுத்துவின் தெருவிலிருந்தே ஒருவர் மறித்தார்.

ஊரில் இருநூறு கைகளாவது இருக்கும். ஒவ்வொரு கைக்கும் ஒரு தெரு இருந்தது. அப்போதுதான் செல்வி கூட்டத்தின் ஓரத்திலிருந்து என்னைக் கைகாட்டினார். "அந்தா நிக்கிறாருல்ல, எந்தத் தெருவும் இல்லாத ஆளு. அழிச்ச கையே அளவா இருக்கட்டும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு இரண்டு தெருவிலும் ஆட்கள் என் கையை வந்து பிடித்துப் பார்த்தார்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. "படிச்ச கைடா, பூ மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "பூ மாதிரி இருந்தாலும் வெரலு நீளம்" என்றார் இன்னொருவர். தெற்குத் தெரு சொன்ன இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி, வடக்குத் தெரு சொன்ன இடத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தார்கள். நான் கோலின் நுனியில் சுண்டுவிரலை வைத்துக் கையை விரித்தேன். கட்டைவிரல் இரண்டு புள்ளிகளுக்கும் ஏறக்குறைய நடுவில் போய் விழுந்தது. விரலைக் கொஞ்சம் இழுத்து நீட்டினேனா என்று கேட்காதீர்கள். இரண்டு தெருவுக்கும் சரிசமமாக அதிருப்தி. ஒரு நல்ல தீர்ப்புக்கு அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

"வெட்டையும் நீங்களே போடுங்க தம்பி" என்றார் ஆசாரி. "நான் போட்டா நாளைக்கு எம்மேலதான் வரும்."

பையிலிருந்து என் உளியை எடுத்தேன். முந்தாநாள் துருவெடுத்து மெருகேற்றிய உளி. அவரிடம் காட்ட நீட்டினேன். இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று தரையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அவர் எடுத்து, வெட்டும் வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுல முகம் பாத்துக்கலாம் தம்பி. மரம் வெட்ட முடியாது. வாயையும் சேத்துல்ல தேச்சு உருட்டியிருக்கீங்க?"

தன்னுடைய உளியையும், அதை அடிக்கும் மரச்சுத்தியான கொட்டாப்புளியையும் தரையில் வைத்தார். குனிந்து எடுத்தேன். நூற்றுக்கு மேல் உளிகளை நான் துடைத்திருக்கிறேன், எண்ணெய் பூசியிருக்கிறேன், படம் எடுத்திருக்கிறேன். மரத்தில் வைத்து ஒருமுறைகூட அடித்ததில்லை என்பது அந்த இருநூறு கைகளுக்கு நடுவில்தான் எனக்கே உறைத்தது. முதல் அடி வழுக்கியது. "கையை வெட்டிக்காத, அப்பறம் அளவு கொறைஞ்சிரும்" என்றார் சோணைமுத்து. இரண்டாவது அடி உள்ளே இறங்கியது. மூன்றாவதில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

பெரியசாமி கோலை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். "கோணலா இருக்கே மாப்ள."

சோணைமுத்து வாங்கிப் பார்த்தார். "கோணல்தான் மாமா."

கூட்டம் காத்திருந்தது.

"கோணல்னாலும் ரெண்டு தெருவுக்கும் ஒரே கோணல்தான?" என்றார் பெரியசாமி.

"அதைச் சொல்லுங்க."

கோல் ஆசாரி கைக்கே போனது. போகட்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவரிடம் நீட்டினார்கள், அவ்வளவுதான். அவர் வாங்கிக்கொண்டு கம்பின் மேல் வைத்தார். ஒரு கோல், இரண்டு கோல், மூன்று கோல், மேலே என் கோணல். காதிலிருந்த பென்சிலை எடுத்து இரண்டு கம்பிலும் ஒரே அளவில் கோடு போட்டார். இரண்டு ரம்பங்கள் ஒரே நேரத்தில் ஓடின. அறுத்த கம்புகளை அருகருகே நிமிர்த்தி, ஒருவர் ஏணியில் ஏறி இரண்டு தலைக்கும் மேல் ஒரு சட்டத்தைப் போட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழைப் பார்த்தார். மைதானமே அண்ணாந்து பார்த்தது.

"நடுவுல நிக்குது!" என்றார் மேலேயிருந்து.

செல்வி என் பக்கத்தில் வந்து, "சாப்புட்டுப் போங்க. இன்னைக்குக் காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் சோணைமுத்துவின் குரல் கேட்டது. "அது சரி மாமா, மைக்செட்டு மொதல்ல எந்தத் தெருவுல கட்டுறது?" பெரியசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். இரண்டு தெருவும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நின்றது. சண்முகவேல் ஆசாரி கோலைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, இது நம்ம கணக்கு இல்ல" என்று வீட்டைப் பார்த்து நடந்தார்.